தூரமும் கிட்டமும்

நாற்பதைக் கடந்தவருக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. 1784-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு கடிதத்தில் மகிழ்ந்து எழுதிய இரட்டைக் கண்ணாடிதான் எனக்கும் இத்தனை காலம் துணை: நிமிர்ந்தால் தூரம், குனிந்தால் எழுத்து. அதைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் லென்ஸ் அணிந்து, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ்ஸில் வந்தேன். இவ்வகை லென்ஸில் தூரமும் கிட்டமும் ஒருசேரக் கண்ணில் விழும். வேண்டியதை மனம் பொறுக்கிக்கொள்ளும்.

என் மனம் பொறுக்கியது ஜன்னலுக்கு வெளியே, 2010-இல் திறக்கப்பட்ட ரெனோ-நிஸான் தொழிற்சாலையை. இரவு ஷிப்ட் முடித்த பெண்ணொருத்தி என் அருகிலேயே கம்பியைப் பிடித்து நின்றபடி உறங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுவதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

பழைய கண்ணாடியாக இருந்தால் அதன்மேல் பழி போட்டிருப்பேன். இப்போது? கண்ணில் விழுந்தவளை விலக்கியது நான்தானே!