பத்தாம் வகுப்போடு நின்றுபோன நடனம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாட்டிய வகுப்புகளில் கூட்டம் குறையும். பத்தாம் வகுப்புக்குப் போன பெண்கள் நின்றுவிடுவார்கள். “ஒரு வருஷம் போகட்டும் டீச்சர், பரீட்சை முடிஞ்சதும் மறுபடி அனுப்பறேன்” என்று அம்மாக்கள் சொல்வார்கள். டீச்சரும் சரி என்பார். மறுபடி வருகிறவர்கள் மிகக் குறைவு. பத்து முடிந்தால் பதினொன்று, அதன்பிறகு நீட், அதன்பிறகு கல்லூரி விடுதி. சலங்கையைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிடுவார்கள். வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஃபீஸ் கட்டியவர், ஒருநாள் சொல்வார்: “எட்டு வருஷம் கத்துக்கிட்டது அத்தனையும் வீண்.”

இந்தத் தீர்ப்பு என்னை வெகுநாளாக உறுத்துகிறது. தெருவுக்குத் தெரு இருக்கும் நாட்டிய வகுப்புகளில் முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளின் காலமெல்லாம் இப்படி நின்றுபோனவர்களோடுதான் கழிந்திருக்கிறது. அவர்களிடம் படித்து, மேடையையே வாழ்க்கையாகக் கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாதியில் நின்றது வீண் என்றால், அந்த ஆசிரியையின் ஆயுளும் வீண் என்றாகிறது. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நங்கநல்லூரில் என் மகள் படித்த வகுப்பு ஒரு மொட்டைமாடியில் நடந்தது. மேலே கீற்றுக் கொட்டகை, கீழே சிமென்ட் தரை. டீச்சர் பாயில் உட்கார்ந்து தட்டுக்கழியால் தட்டுமனையில் தாளம் போடுவார். வருஷக்கணக்காக அடி வாங்கிய அந்தக் கட்டை நடுவில் குழிந்து, அந்த இடம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. மகளுக்காகக் காத்திருந்த சாயங்காலங்களில் அவர் பிள்ளைகளை நிறுத்தும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நன்றாக ஆடுகிற பிள்ளைகளை முதல் வரிசையில் அடுக்கமாட்டார். நான்கு மூலைக்கும் பிரித்து நிறுத்துவார். எந்தப் பக்கம் திரும்பி ஆடினாலும், புதிதாக வந்த குழந்தையின் கண் எதிரே சரியாக ஆடுகிற ஒருத்தி இருப்பாள்.

தட்டடவை முதல் காலத்தில் தொடங்குவார்கள். “தெய்யா தெய்” என்று நிதானமாகப் போகும். மூன்றாம் காலத்துக்கு வரும்போது கட்டையில் விழும் அடி அப்படியே இருக்கும்; சொல்லும் காலும் மட்டும் பறக்கும். புதுப் பிள்ளைகளுக்குக் கால் பின்னும், இடுப்பு எழும்பும், அரைமண்டி காணாமல் போகும். டீச்சர் யார் பெயரையும் சொல்லமாட்டார். “எல்லாரும் இரண்டாம் காலம், இன்னொரு தரம்” என்பார். பழைய பிள்ளைகளும் முணுமுணுக்காமல் இறங்கிவந்து ஆடுவார்கள். திணறிய குழந்தைக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும். தனக்காகத்தான் வகுப்பே மெதுவாயிற்று என்பது அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கலாம். அவமானப்பட மட்டும் அங்கே எதுவும் இருக்காது.

அந்த மொட்டைமாடியில் நடந்ததை, பின்னால் என்றோ வரப்போகும் மேடைக்கான ஆயத்தம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு தட்டடவு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. முழங்கால் வெளியே விரிந்து, முதுகு நிமிர்ந்து, பாதம் முழுசாகத் தரையில் பதிந்து அதை ஆடிவிட்டால், அந்தச் சில நொடியில் குறை ஒன்றும் இல்லை. ஏழு வயதுக் குழந்தை ஆடினாலும் அது முழுமையான ஒன்றுதான். அந்தக் குழந்தை பத்து வருஷம் கழித்து வர்ணம் ஆடினால்தான் இன்றைய தட்டடவுக்குப் பொருள் என்று யாரும் நிபந்தனை விதிக்க முடியாது.

இந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, வலியும் இருக்கிறது. தஞ்சை வட்டாரத்து நட்டுவனார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தது, ஆட்டத்தையே பிழைப்பாகவும் வாழ்வாகவும் கொள்ளப்போகிற பெண்களுக்கு. அங்கே பாதியில் நிற்பது என்ற பேச்சுக்கு இடம் குறைவு. கோயில் மானியமும் சமஸ்தான ஆதரவும் தேய்ந்தன. தேவதாசி முறைக்கு எதிரான குரல்கள் வலுத்தன. 1947-ல் சென்னை மாகாணத்தில் அதை ஒழிக்கும் சட்டம் வந்தது. பரம்பரையாக ஆடிவந்த பெண்களின் மேடை கைநழுவிய அதே ஆண்டுகளில் மற்றச் சாதிகளின் பெண்கள் சலங்கை கட்டினார்கள். அந்தக் கணக்கு இன்றுவரை நேர்செய்யப்படவில்லை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சேர்ந்த கௌரி அம்மாள் பெரிய கலைஞர். ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர் என்பதே இன்று அவரைப் பற்றிப் பலரும் அறிந்த செய்தி. மேடை போன பிறகு வகுப்பறை ஒன்றுதான் கௌரி அம்மாளைப் போன்றோருக்கு மிஞ்சியது.

அந்த வகுப்பறையோடு சிலர் வெகுதூரம் போனார்கள். 1945-ல் பம்பாயின் மாட்டுங்காவில் கோவிந்தராஜ பிள்ளையும் அவர் மனைவி கருணாம்பாளும் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கினார்கள். கருணாம்பாளின் தந்தை திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையும், அவர் மகன்கள் மகாலிங்கம் பிள்ளையும் கல்யாணசுந்தரம் பிள்ளையும் அங்கே ஆசிரியர்களாக இருந்தார்கள். மாட்டுங்கா, வேலை தேடி ரயிலேறிய தமிழர்கள் குடியேறிய பேட்டை. தஞ்சாவூர் அரசவை மரபில் வந்த குடும்பத்தின் முன்னால், ஆபீஸ் உத்தியோகஸ்தர்களின் பெண்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றார்கள். அவர்களில் பலர் படிப்புக்காக, வேலைக்காக, கல்யாணத்துக்காக நிறுத்திவிடுவார்கள் என்பதை யூகிக்க ஜோசியம் தேவையில்லை.

‘இவள் நிற்கப்போகிறவள்தானே’ என்று அரைமண்டியில் சலுகை காட்டியிருந்தால் திருவிடைமருதூர்ப் பாணி மாட்டுங்காவில் ஒரு தலைமுறையோடு முடிந்துபோயிருக்கும். எவள் நிற்பாள், எவள் தொடர்வாள் என்று ஏழு வயதில் சொல்ல முடியாது. ஆகவே நல்ல ஆசிரியர் எல்லோருக்கும் முழுசாகச் சொல்லிக்கொடுக்கிறார், வேறு வழியே இல்லை. எண்பது ஆண்டு நிலைத்த ஒரு பள்ளியை, அதில் படித்துப் புகழ்பெற்ற சிலரை வைத்து மட்டும் அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெயர் தெரியாத ஆயிரம் பேருக்கு அங்கே ஒழுங்காக அடவு சொல்லிக்கொடுத்தார்கள் என்பதே அதன் பெருமை.

தொலைவில் வேறொரு மக்களிடையே நடந்த ஒன்றும் இதையே சொல்கிறது. ஆர்தர் மிட்செல், நியூயார்க் சிட்டி பாலேயின் முதல் கறுப்பின முதன்மை நடனக் கலைஞர். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, தான் வளர்ந்த ஹார்லெம் பகுதிக் குழந்தைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று கிளம்பினார். அடுத்த ஆண்டு, தன் ஆசிரியர் கேரல் ஷூக்குடன் சேர்ந்து டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெமை நிறுவினார். ஆரம்ப நாட்களில் ஒரு பழைய கராஜில் வகுப்பு நடந்தது. வெயில் தாங்காமல் கதவைத் திறந்து வைக்க, தெருவில் போன பிள்ளைகள் எட்டிப் பார்த்து உள்ளே வந்தார்கள். முப்பது பேரோடு தொடங்கியது சில மாதங்களில் நானூறு ஆயிற்று. கடன் சுமையால் 2004-ல் அதன் நடனக் குழு மேடையிலிருந்து விலகியது. 2012-ல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டும் அந்த இடத்தின் உயிரைக் காத்தது பள்ளிதான்.

அங்கே சொல்லிக்கொடுத்தவர்களில் டானக்கில் லெ கிளர்க் என்பவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். உச்சத்தில் இருந்த பாலே நட்சத்திரம். 1956-ல், 27 வயதில், கோபன்ஹேகனில் போலியோ தாக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பின்னாளில் ஹார்லெம் பள்ளிக்குச் சக்கர நாற்காலியில் வந்து பாடம் எடுத்தார். கால் செய்யவேண்டியதைக் கையாலும் விரலாலும் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரிடம் பிள்ளைகள் எப்படி ஆடக் கற்றார்கள் என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. பாயில் உட்கார்ந்து, குரலாலும் கட்டையாலும் ஒரு உடம்பை ஆடவைத்த நம் நட்டுவனார்களை அறிந்தவர்களுக்கு அது புரியும். தன் கால் நின்ற பிறகும் ஆட்டம் தன்னிடம் இருக்கிறது என்று லெ கிளர்க்குக்குத் தெரிந்திருந்தது.

இதில் நம் கண்ணுக்குத் தப்பும் இன்னொரு உண்மை உண்டு. எந்தத் தெரு வகுப்பும், கடைசிவரை படிக்கும் ஒருத்தி கட்டும் மாதச் சம்பளத்தால் ஓடுவதில்லை. இரண்டு வருஷம், ஐந்து வருஷம் வந்து போகிறவர்களின் பணம்தான் வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் போகிறது. அந்த வரிசைகள் நிரம்பியிருந்ததால்தான் ஒரு மூத்த மாணவிக்குச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழக வாய்ப்புக் கிடைத்தது. மேடையில் ஒருத்தி நிற்கிறாள் என்றால், நின்றுபோன நூறு பேர் அவளைத் தாங்கியிருக்கிறார்கள்.

சபையில் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களே. என் தோழி ஒருத்தி வங்கி அதிகாரி. பத்தாம் வகுப்பில் நிறுத்தியவள், பிறகு ஆடவே இல்லை. மார்கழிக் கச்சேரிகளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் பாதி நேரம் அவள் கையைத்தான் பார்ப்பேன். தொடையில் விரல் மடங்கி மடங்கி ஜதியைப் பின்தொடரும். ஆடுகிற பெண் தீர்மானத்தைச் சரியாகச் சமத்தில் கொண்டுவந்து வைத்தால் “ஹா” என்று அவளையறியாமல் வரும். இப்படி ரசிக்கத் தெரிந்தவர்கள் அரங்கில் இல்லாவிட்டால் ஆடுகிறவள் யாருக்காக அந்தக் கணக்கைப் போடுவாள்?

அதற்காக இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பதினைந்து வயதில், உடம்பு வசப்பட்டு மனசும் விரியத் தொடங்கும் நேரத்தில் நிறுத்துகிறவளுக்கு வர்ணத்தின் ஆழமும் பதத்தின் நிதானமும் கிடைக்காமலே போகின்றன. ஆசிரியைக்கும் அது வலிக்கும். ஒருமுறை மிக நன்றாக ஆடிய பெண் நின்றபோது, “உங்களுக்கு வருத்தமா இல்லையா டீச்சர்?” என்று கேட்டேன். “இல்லாம இருக்குமாம்மா? ரெண்டு நாள் சோறு இறங்கலை” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா ஆடின வரைக்கும் சரியா ஆடிச்சு அந்தப் பொண்ணு. அதை யாரு திருப்பி எடுக்க முடியும்?” என்றார்.

அரங்கேற்றத்தைக் கல்யாணம் போல நடத்தி, அதோடு படிப்பு முடிந்தது என்று நினைக்கும் வீடுகள் இருக்கின்றன. அரங்கேற்றம் ஆகாததால் படித்ததே பாழ் என்று நினைக்கும் வீடுகளும் இருக்கின்றன. இரண்டு வீட்டிலும் பிசகு ஒன்றுதான்: கடைசியில் கையில் என்ன வந்தது என்ற கேள்விக்கு முன்னால், கற்ற நாட்களுக்கு மதிப்பு இல்லாமல் போய்விடுகிறது. நாட்டியம் மட்டும் இல்லை. விட்டுப்போன வீணை, முடிக்காத இந்திப் பரீட்சை, இரண்டு வருஷம் ஆடிய கபடி என்று நம்மில் பெரும்பாலோரின் வாழ்க்கை தொடங்கி நின்றவற்றால் ஆனது. முடித்தவற்றை மட்டும் எண்ணினால் யாருக்கும் பெரிய வாழ்க்கை தேறாது.

பெற்றோரிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். விஜயதசமியன்று வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டு வைத்துப் பிள்ளையைச் சேர்க்கிறோம். நிறுத்தும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புகிறோம். சிலர் அதுவும் இல்லாமல் வராமலே இருந்துவிடுகிறோம். பரீட்சைக்காக நிறுத்தவேண்டுமென்றால் நிறுத்துங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் சேர்த்த மாதிரியே தட்டு எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். கற்றதில் அவளுக்குப் பிடித்ததை டீச்சர் முன்னால் ஒருதரம் ஆடச் சொல்லுங்கள். அலாரிப்போ, வெறும் தட்டடவோ, எதுவாக இருந்தாலும் சரி. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தீர்கள், நன்றி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெற்றது இன்னது என்று அந்தப் பிள்ளைக்கும் அப்போது தெரியும். வீண் என்ற சொல்லை அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள்.