விண்டோ வரவில்லையா? எழுந்து போகாதே!

ரன் கொடுத்தாய். கருப்புத் திரையில் கர்சர் ஒரு வரி கீழே இறங்கி மறுபடி சிமிட்டத் தொடங்கியது. ஆசை ஆசையாய் எழுதிய பட்டனைக் காணோம், தலைப்பைக் காணோம், விண்டோவே இல்லை. உடனே வாய் என்ன சொல்கிறது? "எனக்கெல்லாம் கோடிங் வராது."

நிறுத்து! இந்தத் தீர்ப்பை எழுதியது யார்? பைத்தான் எழுதவில்லை. நீ சொன்னதை அது ஒரு வரி விடாமல் செய்திருக்கிறது. விண்டோ வேண்டும் என்றாய், உருவாக்கியது. பட்டனை வை என்றாய், வைத்தது. அதற்கு மேல் நீ எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்ததென்று நிரல் கிளம்பிவிட்டது, விண்டோவையும் கையோடு அழைத்துக்கொண்டு. கடையைத் திறந்துவிட்டுக் கல்லாவில் யாரும் உட்காராவிட்டால் ஷட்டரை இறக்கத்தானே செய்வார்கள்? பைத்தானில் விண்டோ வரைய நீ பயன்படுத்தும் டிகேஇன்டரில், கல்லாவில் உட்காரும் ஆளின் பெயர் மெயின்லூப். விண்டோவைத் திரையில் வரைவது, கிளிக்குக்குக் காத்திருப்பது எல்லாம் அந்த ஒற்றை வரியின் பொறுப்பு. அதையே அடைப்புக்குறி போடாமல் எழுதிப் பார், பிழைச்செய்திகூட வராது, விண்டோவும் வராது. இரண்டு வளைவுக் கோடுகளுக்காகவா உன் எதிர்காலத்தையே மூட்டை கட்டப் போகிறாய்?

"ஐடில் எடிட்டரில் மெயின்லூப் இல்லாமலே ஓடியதே!" என்பாய். ஓடும். அந்தக் காத்திருப்பை உனக்காகப் பின்னால் இருந்து ஐடில் பார்த்துக்கொள்கிறது. டெர்மினல் அப்படிச் செல்லம் கொடுக்காது. பழகுவதானால் டெர்மினலிலேயே பழகு.

இந்தத் தடுமாற்றம் உனக்கு மட்டும் வந்ததல்ல. 1949 மே 6. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி தன் முதல் நிரலை ஓட்டியது. அதைக் கட்டிய குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ். சில வாரங்களில் அவரே ஒரு நிரல் எழுதினார். அது ஒழுங்காக ஓடவில்லை. கணினி அறைக்கும், நிரலை நாடாவில் துளையிடும் இடத்துக்கும் நடையாய் நடந்தார். இனித் தன் வாழ்நாளில் பெரும்பகுதி சொந்த நிரல்களில் பிழை தேடுவதிலேயே போகும் என்பது அப்படி நடக்கையில் ஒரு மாடிப்படியில்தான் தனக்கு உறைத்தது என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய அந்தப் பழைய நாடா பின்னாளில் கிடைத்தது. 126 வரிகள், அவற்றில் சுமார் 20 பிழைகள்! கணினியையே கட்டிய மனிதருக்கு 20. அவர் எழுந்து போகவில்லை. 1967-ல் கணினித் துறையின் டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. உன் நிரலில் எத்தனை பிழை? ஒன்றா, இரண்டா? அதற்கா இந்த அழுகை?

தமிழ் வழியில் படித்தவன், பிழைச்செய்தி இங்கிலீஷில் வருகிறதே என்று பின்வாங்குகிறாயா? சிவப்பாய்க் கொட்டும் அத்தனையையும் படிக்க வேண்டாம். கடைசி வரியைப் படி. அதற்குச் சற்று மேலே, உன் கோப்பின் பெயரோடு வரும் வரி எண்ணைப் பார். பாதி நோய் அங்கேயே பிடிபடும். டிகேஇன்டர் என்ற மாட்யூலே இல்லை என்கிறதா? உபுண்டுவில் அதைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். மாட்யூல் இருக்கிறது, அதில் டிகே இல்லை என்கிறதா? உன் கோப்புக்கே டிகேஇன்டர் என்று பெயர் வைத்திருப்பாய். பைத்தான் உன் கோப்பையே இழுத்துக்கொண்டு முழிக்கிறது. பெயரை மாற்று, தீர்ந்தது.

கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்கும் பழக்கத்தை மட்டும் விடு. கருப்புப் பெட்டி மின்னி மறையும்போது பிழைச்செய்தியும் அதோடு போய்விடும். சாட்சியை விரட்டிவிட்டு வழக்கை எப்படி நடத்துவாய்?

விண்டோ வந்தும் வெறுமையாய் நிற்கிறதா? பட்டனை உருவாக்கியிருக்கிறாய், இடம் தரவில்லை. பேக் அல்லது கிரிட் எங்கே என்று தேடு. மெயின்லூப் இருந்தும் விண்டோ தலைகாட்டவில்லையா? அதற்கு மேலே முடிவில்லாத வைல் லூப் ஒன்று வழிமறித்து உட்கார்ந்திருக்கலாம். அதை எடுத்துவிட்டு டிகேஇன்டரின் ஆஃப்டரைப் பயன்படுத்து.

பக்கத்து இருக்கைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும். அவன் விண்டோவும் ஒருநாள் வராமல் போகும். அன்று உன்னிடம்தான் வருவான்.

போ, டெர்மினலைத் திற. பைத்தான் என்று அடித்து, இடைவெளி விட்டு மைனஸ் எம், மறுபடி இடைவெளி விட்டு டிகேஇன்டர், எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். லினக்ஸ் என்றால் பைத்தானோடு 3 சேர்த்துக்கொள். என்டரைத் தட்டு. பதிப்பு எண்ணோடு குட்டி விண்டோ ஒன்று எழுந்தால் உன் கணினியில் குறையில்லை. பிறகு உன் கோப்பைத் திற. கடைசி வரியிலிருந்து தொடங்கு.