சடங்கு வேறு, சட்டம் வேறு



நம் கூட்டங்களில் ஓரினத் திருமணம் பற்றிப் பேச்செடுத்தாலே பாதிப் பேர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பிச்சிடுறாங்க. "நமக்கு எதுக்குங்க இது?" என்கிறார்கள். நமக்குத்தான் என்கிறேன் நான்.

ஆண்களுக்கிடையிலான உறவுக்கு இரண்டாண்டு வரை சிறை என்ற 377ஏ பிரிவு, 1938இல் ஆங்கிலேயர் ஆட்சியில் சிங்கப்பூருக்கு வந்தது. 2022 நவம்பர் 29ஆம் தேதி நாடாளுமன்றம் அதை நீக்கியது. கூடவே அரசமைப்பில் 156ஆம் பிரிவைச் சேர்த்தது. திருமணம் யாருக்கிடையே என்பதை நாடாளுமன்றமே வகுக்கலாம் என்பது அதன் சாரம். அப்படியென்றால் கேள்வி, வாக்களிக்கும் நம்மிடமே வந்திருக்கிறது.

"கல்யாணம் காலங்காலமா மாறாதது" என்பார்கள். அப்படியா? 1961க்கு முன் இங்கே ஓர் இந்து ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களை மணக்கலாம். மாதர் சாசனம் அதை நிறுத்தியது. மரபு மாறியது, பெண்கள் பாதுகாப்புப் பெற்றார்கள். ஆகவே மாறலாமா என்று கேட்பதைவிட, மாறினால் யாருக்கு நன்மை, யாருக்குக் கேடு என்று கேட்பதே முறை.

இருபது வருஷம் ஒன்றாக வாழும் இரு பெண்களை நினைத்துப் பாருங்கள். மணமான தம்பதியரில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தாலும் மற்றவருக்குச் சொத்தில் பங்குண்டு. இவர்களுக்கு இல்லை. தம்பதியர் 21 வயதிலேயே வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இவர்கள் 35 வரை காத்திருந்து, திருமணமாகாதவர்களாகத்தான் வாங்கணும்.

"திருமணம் நமக்கு சம்ஸ்காரமாச்சே?" ஆமாம், அதை நானும் மதிக்கிறேன். ஆனால் அக்னி சாட்சியாகத் தாலி கட்டினாலும் சட்டம் கேட்பதைச் செய்யாவிட்டால் இங்கே அது சட்டப்படி திருமணமாகாது. சடங்கும் சட்டமும் ஏற்கெனவே வேறு வேறுதான். சட்டம் உரிமை தருவதால் எந்த அர்ச்சகரும் மந்திரம் சொல்லியே ஆகணும் என்பதில்லை.

"பிள்ளைங்க?" என்றும் கேட்பார்கள். நியாயமான கவலை. ஆனால் பிள்ளை இல்லாத தம்பதியரின் திருமணத்தைச் சட்டம் செல்லாது என்று சொல்வதில்லையே.

நீங்கள் என்னோடு உடன்படாமல் போகலாம். விவாதியுங்கள். ஆனால் கிண்டல் வேண்டாம். நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் நம் பக்கத்து நாற்காலியிலேயே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கக்கூடும். நம்மை நம்பிப் பேசலாமா வேணாமா என்பதை, நாம் பேசும் விதத்தைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார்.