ஆளில்லாத சாலை

இந்த வயசில் எனக்கு ஒரு வாத்தியார் கிடைத்திருக்கிறார். தங்கை பையன். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். பாடம், வெளிச்சத்தால் படம் வரைவது.

மொட்டை மாடி. ராத்திரி ஒன்பது மணி. "மாமா, உங்ககிட்ட கறுப்புச் சட்டை இருக்கா?" என்றான். இருந்தது. போட்டுக்கொண்டு படியேறும்போது எதிர்வீட்டுக்காரர் நிறுத்தினார். "என்ன சார், மலைக்கு மாலையா? இல்ல, கட்சியில சேர்ந்துட்டீங்களா?" தமிழ்நாட்டில் கறுப்புச் சட்டைக்கு இந்த இரண்டு காரணங்கள்தான் உண்டு. மூன்றாவது காரணத்தை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

விஷயம் ரொம்ப சிம்பிள். சாதாரணமாகப் படம் எடுக்கும்போது கேமராவின் கண் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். இதில் 30 விநாடி திறந்தே கிடக்கும். கையில் பிடித்தால் ஆடிவிடும் என்பதால் ட்ரைபாட் கட்டாயம். ஐ.எஸ்.ஓ.வை 100-க்கு இறக்க வேண்டும். லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். இருட்டில் கேமரா தானாக ஃபோகஸ் செய்யத் தெரியாமல் முழிக்கும். அதனால் டார்ச் அடித்து ஒருமுறை ஃபோகஸ் செய்து, அதை அப்படியே பூட்டிவிட வேண்டும். அப்புறம் கேமராவுக்கு எதிரே நின்று, கையில் ஒரு சின்ன விளக்கை வைத்துக்கொண்டு காற்றில் என்ன வேண்டுமானாலும் வரையலாம். விளக்கு போன பாதையெல்லாம் படத்தில் கோடாக விழும்.

முதலில் 'அ' எழுதினேன். திரும்பி விழுந்தது. கேமரா எனக்கு எதிரே அல்லவா நிற்கிறது? அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் என் எழுத்து இடவலமாக மாறித்தானே தெரியும்! இரண்டாவது தடவை எழுத்து சரியாக வந்தது. ஆனால், டார்ச் வெளிச்சம் என் தாடையில் பட்டு, 'அ'வுக்குப் பின்னால் ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு நின்றது. நான்தான்.

"உங்க மேல வெளிச்சம் படாமப் பாத்துக்குங்க மாமா. நின்னுடாதீங்க, நகர்ந்துக்கிட்டே இருங்க. நீங்க தெரியக் கூடாது. வரைஞ்சது மட்டும்தான் தெரியணும்" என்றான் வாத்தியார்.

நீங்கள் தெரியக் கூடாது. வரைந்தது மட்டும் தெரிய வேண்டும். அடடா, எவ்வளவு பெரிய தத்துவத்தை இந்தப் பையன் போகிற போக்கில் சொல்கிறான் என்று மனசுக்குள் சிலாகித்துக்கொண்டேன். அந்தச் சிலாகிப்பு சரியாக ஒரு வாரம்தான் நீடித்தது.

யோசித்தால் இந்த வித்தை நமக்குப் புதுசில்லை. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பைக் கொளுத்திக் காற்றில் வட்டம் போடாத குழந்தை உண்டா? மாண்டூக்ய காரிகை எழுதிய கௌடபாதர் இதை வைத்து ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். பெயர் 'அலாதசாந்தி'. அலாதம் என்றால் கொள்ளிக்கட்டை. கொள்ளியைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தெரிகிறது. கை நின்றதும் வட்டம் எங்கே போயிற்று? இருந்தால்தானே போவதற்கு! உலகமும் இப்படித்தான் என்பது அவர் கட்சி. கௌடபாதரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. வட்டம் உண்மையா என்பது அவர் கேள்வி. எனக்கு வந்தது அதைவிடச் சின்ன கேள்வி. சுழற்றிய கை எங்கே?

அடுத்த சனிக்கிழமை பின்னிரவில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குக் குறுக்கே இருக்கிற ஒரு நடைமேம்பாலத்தில் ஏறினோம். கீழே போகிற வண்டிகளின் வெளிச்சத்தை நீளக் கோடாகப் பிடிப்பது அன்றைய பாடம். லாரி போகும்போதெல்லாம் பாலம் லேசாக அதிரும். அது அடங்கக் காத்திருந்து ஷட்டரைத் திறக்க வேண்டும். பத்துப் படம் வீணாகி, பதினோராவது நன்றாக வந்தது. போகிற பக்கம் சிவப்பு ஆறு, வருகிற பக்கம் வெள்ளை ஆறு. நடுவில் கழுவித் துடைத்த மாதிரி சாலை. ஒரு ஈ காக்காய் இல்லை. எனக்கே நம்ப முடியவில்லை. 'ஆளில்லாத சாலை' என்று தலைப்புப் போட்டு நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். பாராட்டு குவிந்தது. ஒரு நண்பர் பிரேம் போட்டு மாட்டுகிறேன் என்றார்.

இரண்டு நாள் கழித்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை பையன் கேட்டான். "மாமா, இந்தப் பக்கம் ஒரு அம்மா பெருக்கிக்கிட்டு இருந்தாங்களே, அவங்க எங்க?"

இருந்தார். நானும் பார்த்தேன். பச்சை மேல்சட்டையும் நீளத் துடைப்பமுமாக, சாலை ஓரத்து மணலைக் கூட்டிக்கொண்டே போனார் ஒரு தூய்மைப் பணியாளர். அந்த 30 விநாடியும் அவர் படத்துக்குள்ளேதான் இருந்தார். ஆனால், எந்த இடத்திலும் ஒரு விநாடி, இரண்டு விநாடிக்கு மேல் நிற்கவில்லை. அவர் நகர்ந்த பிறகு மிச்ச 28 விநாடியும் அந்த இடத்திலிருந்து தார் ரோட்டின் வெளிச்சம்தான் கேமராவுக்குப் போனது. அதனால் ரோடு பதிந்தது; அவர் பதியவில்லை. உற்றுப் பார்த்தால், அவர் சட்டையில் ஒட்டியிருந்த பளபளப் பட்டை மட்டும் விட்டுவிட்டு ஒரு மெல்லிய வெள்ளிக் கோடாகத் தெரிந்தது.

'கழுவித் துடைத்த மாதிரி சாலை' என்றேன் அல்லவா? துடைத்தவரைத்தான் காணோம்.

புகைப்படத்துக்கு இது பிறவியிலேயே உள்ள குணம். 1838-ல் பாரிஸில் லூயி டாகேர் தன் ஜன்னலிலிருந்து 'பூல்வார் து தாம்ப்ள்' என்ற தெருவைப் படம் எடுத்தார். வண்டியும் ஜனமுமாக நெரிந்த தெரு. அந்தக் காலத் தகட்டில் படம் விழப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் எல்லாரும் நகர்ந்துவிட்டதால் தெரு வெறிச்சோடித் தெரிகிறது. ஓரத்தில் ஒரே ஒருவர் மட்டும் நிற்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற மனிதர். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் என்று சரித்திரம் அவரைக் கொண்டாடுகிறது. அவர் காலடியில் குனிந்து பாலிஷ் போட்டவர்? கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்ததால் அவர் ஒரு மங்கலான கறை. ஒருவர் அசையாமல் நிற்பதற்காக இன்னொருவர் அசைந்துகொண்டே இருந்தார். நின்றவர் பதிந்தார்.

இதற்கு நான் என்ன செய்வது, இது வெறும் பௌதிகம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேமராவுக்கு ஜாதி தெரியாது, சம்பளம் தெரியாது. வெளிச்சம் வந்தால் வாங்கிக்கொள்ளும். ஆனால், தலைப்பை எழுதியது கேமரா இல்லை. பார்த்த கண்ணும் என்னுடையது. 'ஆளில்லாத' என்று எழுதிய கையும் என்னுடையது. அங்கேதான் உறுத்தியது.

இன்னொரு சமாதானமும் கைவசம் இருந்தது. தன்னை மறைத்துக்கொண்டு வேலையை மட்டும் விட்டுப்போவது உயர்ந்த குணம் இல்லையா? நம் பெரிய கோயில்களைச் செதுக்கிய எத்தனை சிற்பிகளின் பெயர் நமக்குத் தெரியும்? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றுதானே சொல்லி வளர்த்தார்கள்? மொட்டை மாடியில் நான் கறுப்புச் சட்டை போட்டு மறைந்ததும், ரோட்டில் அவர் மறைந்ததும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. ஏன் என்பதற்கு ஒரு தம்பதியின் கதை சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்று ஒருவர் இருந்தார். இளமையில் கொத்தனார் வேலை கற்றவர். ஒரு செங்கல்லை எடுத்து வைக்க 18 அசைவுகள் எதற்கு, நாலைந்து போதாதா என்று யோசித்தவர். அவரும் மனைவி லில்லியனும் சேர்ந்து, சுமார் 1914 வாக்கில், தொழிலாளிகளின் விரலில் சின்ன பல்பைக் கட்டி, கேமராவைத் திறந்து வைத்து, அவர்களை வேலை செய்யச் சொன்னார்கள். நான் மாடியில் செய்த அதே வித்தை. படத்தில் ஆள் மங்கிப்போவார். கை போன பாதை மட்டும் ஒளிக் கோடாக நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்துக் கம்பியை வளைத்து மாடல்கூடச் செய்தார்கள். எந்த அசைவு வீண், எதைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. தொழிலாளியின் களைப்பைக் குறைப்பது பற்றி 1916-ல் ஒரு புத்தகமே எழுதினார்கள். ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு ஒரு சங்கடம். கோடு ஒருவருடைய விரலிலிருந்து வருகிறது. கணக்கு இன்னொருவரிடம் போகிறது. விரலுக்கு உரியவர் படத்தில் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே 1914-ல் லில்லியன் நிர்வாக மனவியல் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். எழுதியது ஒரு பெண் என்று தெரிய வேண்டாம் என்று பதிப்பாளர் நினைத்ததால், அட்டையில் 'எல்.எம்.கில்பிரெத்' என்று இனிஷியல் மட்டும் போட்டார்கள். மற்றவர்களின் கையை ஒளிக் கோடாக மாற்றிய பெண்மணிக்கே யாரோ கறுப்புச் சட்டையை மாட்டிவிட்டார்கள்.

இப்போது வித்தியாசம் புரிகிறது அல்லவா? என் கறுப்புச் சட்டையை நானே போட்டேன். காபி குடிக்கக் கீழே இறங்கும்போது கழற்றிவிட்டேன். மறைவது என்பது, வேண்டும்போது கழற்ற முடிகிறவர்களுக்குத்தான் குணம். கழற்ற முடியாதவர்களுக்கு அது தண்டனை. நம் வீட்டில் சமைக்கிறவரை, ஆபீஸில் ராத்திரி டேபிள் துடைக்கிறவரைப் பார்த்து, "பாவம், பேர் புகழ் எதுவும் எதிர்பார்க்க மாட்டாங்க" என்று உருகுகிறோமே, அவர்கள் எதிர்பார்க்கவில்லையா, இல்லை கேட்டால் கிடைக்காது என்று விட்டுவிட்டார்களா? கேட்டுப் பார்த்தோமா?

"இதுக்கு ஒரு வழி இருக்கு மாமா" என்றான் வாத்தியார். பிக்காஸோவின் புகழ்பெற்ற படம் ஒன்றைக் காட்டினான். 1949-ல் தென் பிரான்ஸில், வல்லோரிஸ் என்ற ஊரில், கியோன் மிலி என்கிற புகைப்படக்காரர் எடுத்தது. இருட்டறையில் பிக்காஸோ சின்ன விளக்கால் காற்றில் ஒரு உருவம் வரைகிறார். பாதி மனிதன், பாதி குதிரை. கோடு பளிச்சென்று நிற்கிறது. ஆச்சரியம், வரைந்த பிக்காஸோவும் அதற்குப் பின்னால் கண்ணை அகல விழித்துக்கொண்டு தெளிவாக நிற்கிறார்! எப்படி? ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் மிலி ஒரே ஒரு முறை ஃப்ளாஷ் அடித்தார். அந்த ஒரு கண நேரம் போதும். வேலை செய்கிறவர் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. யாராவது அவர் பக்கம் ஒரு கணம் வெளிச்சத்தைத் திருப்பினால் சரி.

பிக்காஸோவுக்கு அடித்தார்கள். சரி, அடுத்த சனிக்கிழமை ஃப்ளாஷ் எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவைப் 'பிடித்து' விடலாம் என்று கிளம்பத் தயாரானேன். நல்லவேளை, வாசலிலேயே ஒரு சந்தேகம் வந்தது. கேட்காமல் மறைத்தது தப்பு என்றால், கேட்காமல் முகத்தில் வெளிச்சம் அடிப்பது மட்டும் சரியா? ஃப்ளாஷை வைத்துவிட்டு, படத்தின் பிரிண்ட் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனோம்.

அதே இடத்தில் பெருக்கிக்கொண்டிருந்தார். அறிமுகம் செய்துகொண்டு படத்தைக் காட்டினேன். தெருவிளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார்.

"நல்லாருக்கு சார். நம்ம ரோடா இது?"

"ஆமாம்மா. இதுல நீங்களும் இருக்கீங்க."

"நானா? எங்க?"

அந்த மெல்லிய வெள்ளிக் கோட்டைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இது நான் இல்ல சார். என் சட்டை."

எனக்குப் பேச்சு வரவில்லை. தங்கை பையன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அம்மா, நீங்க நல்லாத் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுக்கலாமா?"

அவர் துடைப்பத்தைப் பார்த்தார், தன் மேல்சட்டையைப் பார்த்தார். "இப்பவா? வேணாம் தம்பி. வர்ற ஞாயித்துக்கிழமை என் பேத்திக்குக் காது குத்தறோம். அங்க வந்து எடு. பட்டுச் சேலை கட்டியிருப்பேன்."

வேலைக்கு வெட்கப்பட்டுச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. "காலையில வந்து பாருங்க, ரோடு எப்படி இருக்குன்னு" என்று அடுத்த வாக்கியத்திலேயே பெருமையாகச் சொன்னார். எந்த வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார், அவ்வளவுதான். உழைப்பைக் கௌரவிக்கிறேன் பேர்வழி என்று துடைப்பத்தோடு ஒரு படம் எடுத்து, அதற்கும் நானே ஒரு தலைப்பு வைத்திருப்பேன். தப்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கறுப்புச் சட்டை போடவில்லை. மாமன் மடியில் குழந்தை வீரிட்டு அழ, பக்கத்தில் அரக்குப் பட்டுச் சேலையில் அவர். ட்ரைபாட் வேண்டியிருக்கவில்லை. நூற்றில் ஒரு விநாடி, ஒரு ஃப்ளாஷ். பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது, "எனக்கு மூணு காப்பி வேணும்" என்றார்.

பழைய படம் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. தலைப்பை மட்டும் அடித்துவிட்டேன். பிரேம் போடுகிறேன் என்ற நண்பருக்கு போன் செய்து, அந்த வெள்ளிக் கோடு எங்கே இருக்கிறது என்று சொன்னேன். "அட, அதை அழிச்சிடலாமே, ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

வேண்டாம் என்றேன்.