பாலூட்டும் அறை யாருக்காக?

பொது இடத்தில் குழந்தைக்குப் பால் கொடுப்பது பற்றிய விவாதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. கொடுக்கலாமா என்பது ஒன்று; எங்கே உட்கார்ந்து கொடுப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சமயங்களும் பல நாட்டுச் சட்டங்களும் ‘கொடுக்கலாம்’ என்றே விடை சொல்லியிருக்கின்றன. இரண்டாவது வெறும் இடவசதி பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும் அதற்குள் ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. பாலூட்டுவதற்கென்று ஓர் அறை ஒதுக்கப்படும்போது அது தாயின் வசதிக்காக ஒதுக்கப்படுகிறதா, பார்ப்பவர்களின் கூச்சத்துக்காக ஒதுக்கப்படுகிறதா? காலையில் நுழைந்தால் இரவுவரை குடும்பங்கள் தங்கிவிடும் பொழுதுபோக்குப் பூங்காக்களில் இந்தச் சிக்கல் தெளிவாகப் புலப்படும்.

பாலூட்டலின் உடலியலே பாதி விடையைத் தந்துவிடுகிறது. பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதும், அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ தாய்ப்பால் தொடரலாம் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வெயிலில் அலையும் நாளில் குழந்தை அடிக்கடி மார்பைத் தேடும். நேரம் தள்ளிப்போனால் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். பால் இறங்க ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். பதற்றம் அதைத் தடுக்கும். நான்கைந்து மாதக் குழந்தையிடம் வேறொரு தொல்லை உண்டு. சுற்றிலும் ஓசையும் வெளிச்சமும் இருந்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பி வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடும்.

ஆகவே தனியிடம் வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன: குழந்தைக்கு அமைதி, தாய்க்கு ஓய்வு, பிறர் கண்ணிலிருந்து மறைவு. முதல் இரண்டைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சமயமும் தத்துவமும் பேச வேண்டியிருப்பது மூன்றாவதைப் பற்றித்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் இதை ஆராய ஏற்ற களம். பாலூட்டும் தாய்க்குப் பொது இடத்தில் சட்டப் பாதுகாப்பு அளித்த முதல் அமெரிக்க மாநிலம் ஃபுளோரிடா; அந்தச் சட்டம் 1993இல் வந்தது. தாய் தான் இருக்க உரிமையுள்ள எந்த இடத்திலும் பால் கொடுக்கலாம் என்றும், அப்போது மார்பு வெளியே தெரிந்தாலும் அது ஆபாசக் குற்றமாகாது என்றும் அது தெளிவுபடுத்தியது. 2018இல் ஐடஹோவும் யூட்டாவும் சட்டம் இயற்றியபோது 50 மாநிலங்களிலும் இந்தப் பாதுகாப்பு நிறைவடைந்தது. ஃபுளோரிடா பூங்காவில் வரிசையில் நிற்கும்போதோ, ஊர்வலம் பார்க்கும்போதோ, உணவகத்தில் சாப்பிடும்போதோ ஒரு தாய் பால் கொடுத்தால் அவளை யாரும் எழுப்பிவிட முடியாது.

அதே வளாகத்தின் நான்கு பூங்காக்களிலும் குழந்தைப் பராமரிப்பு மையம் ஒன்று உண்டு. சாய்ந்தாடும் நாற்காலிகள் போட்ட பாலூட்டும் அறை, துணி மாற்றும் மேசைகள், கைகழுவும் தொட்டி, உணவைச் சூடாக்க மைக்ரோவேவ் அடுப்பு, குழந்தைகள் உட்காரும் உயர நாற்காலிகள் எல்லாம் அங்கே இருக்கும். டயப்பர் தீர்ந்துபோனால் விலைக்கு வாங்கலாம். விளக்கு மங்கலாக, சத்தம் அடங்கியிருக்கும் அந்த அறையில் வேடிக்கை பார்க்கும் குழந்தையும் வயிறாறக் குடிக்கும். மேலே சொன்ன மூன்று காரணங்களும் அங்கே ஒருசேர நிறைவேறுகின்றன.

சிக்கல் தூரத்தில் வருகிறது. எப்காட் என்ற பூங்காவில் ஒரு செயற்கை ஏரியைச் சுற்றிப் பல நாடுகளின் அரங்குகள் வரிசையாக நிற்கின்றன. ஏரியைச் சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டர். குழந்தை மையம் ஏரியின் ஒரு கரையில். அமெரிக்க அரங்கு எதிர்க் கரையின் நடுவில். அங்கே நிற்கும்போது குழந்தை பசித்து அழுதால் தள்ளுவண்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பிறகு திரும்பவும் வேண்டும். நாளுக்கு நாலைந்து முறை இப்படிப் போய்வந்தால் பூங்காவுக்கு வந்ததன் பொருளே போய்விடும். விவரம் தெரிந்த தாய்மார் அமெரிக்க அரங்கிலேயே அரை மணி நேரம் ஓடும் நாடகக் காட்சிக்குள் நுழைந்துவிடுவார்கள். இருட்டு, குளிர்சாதனம், சாய்ந்துகொள்ள இருக்கை: பால் கொடுத்து முடிக்க அது தாராளம். நிழலுள்ள பெஞ்சு, கூட்டம் குறைந்த வேளையில் உணவகத்தின் மூலை மேசை ஆகியவையும் இப்படியே பயன்படுகின்றன. வசதியான இடத்தைத் தாயே தேர்ந்தெடுக்கிறாள். மையம் அவள் கையிலுள்ள தேர்வுகளில் ஒன்று, அவ்வளவே.

மறைவு பற்றிச் சமயங்கள் என்ன சொல்கின்றன? கிறித்தவ மரபில் பாலூட்டும் மரியாள் வெட்கத்துக்குரிய காட்சியாக இருந்ததில்லை. கீழைத் திருச்சபைகளின் திருவுருவங்களிலும் இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களிலும் இயேசு பாலன் அன்னையின் திறந்த மார்பில் பால் குடிப்பது வழிபாட்டுக்குரிய வடிவம். கடவுள் உண்மையாகவே மனித உடல் எடுத்தார் என்ற கோட்பாட்டுக்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை. பெத்லகேமில் பிறப்புத் தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளிப் ‘பால் குகை’ என்றொரு திருத்தலம் இருக்கிறது. ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்குத் தப்பிச் செல்லும் வழியில் மரியாள் அங்கே ஒதுங்கிப் பால் கொடுத்ததாகவும், சிந்திய ஒரு துளியால் பாறை வெண்மையானதாகவும் மரபு சொல்கிறது. குழந்தை வேண்டியும் பால் சுரக்க வேண்டியும் கிறித்தவப் பெண்களோடு முஸ்லிம் பெண்களும் அங்கே வருகிறார்கள். பயணத்தின் நடுவே ஒரு தாய் பால் கொடுக்க ஒதுங்கிய இடமே அங்கே தலமாகியிருக்கிறது.

கூச்சம் பின்னால் வந்தது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருவுருவங்களில் காமத்தைத் தூண்டும் அழகு கூடாது என்று ஆணையிட்டது. பாலூட்டும் மரியாளை அது பெயர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிந்தைய காலத்தில் அந்த வடிவம் ஓவியங்களில் அருகிப்போயிற்று. 2014 ஜனவரியில் வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்த போப் பிரான்சிஸ், பசித்த குழந்தைகளுக்கு அங்கேயே தயங்காமல் பால் கொடுக்கும்படி தாய்மாரிடம் கூறினார். திருத்தலத்துக்குள் பொருந்துவது கேளிக்கைப் பூங்காவுக்குப் பொருந்தாது என்று சமயத்தின் பெயரால் வாதிடுவது கடினம்.

இஸ்லாம் பாலூட்டலைக் குழந்தையின் உரிமையாகவே பார்க்கிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறந்தாராகக் கருதப்பட்டு, அவர்களுக்குள் மணம் விலக்கப்படுகிறது. அதே சமயம் அந்நிய ஆடவர் முன் உடலை மறைப்பதும் அங்கே கடமை. யூத மரபிலும் நிலைமை இதற்கு நெருக்கமானது: தால்மூது 24 மாதப் பாலூட்டலைப் பேசுகிறது, அடக்கம் பற்றிய நெறிகளும் உடன் இருக்கின்றன. இம்மரபுகளைக் கடைப்பிடிக்கும் தாய்க்கு மூடிய அறை என்பது இரண்டு கடமைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் வழி. அவளைப் பொறுத்தவரை, அறை இல்லாத பூங்காவில் சட்டம் தந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

சைவ மரபில் இரண்டு கதைகள் இங்கே பொருந்தும். சீர்காழிக் குளக்கரையில் பசித்து அழுத பிள்ளைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் தந்ததைப் பெரியபுராணம் விவரிக்கிறது. ஆண்டுதோறும் சித்திரையில் அங்கே திருமுலைப்பால் உற்சவம் நடக்கிறது. தாயை இழந்த பன்றிக் குட்டிகளுக்குச் சிவனே தாய்ப்பன்றியாகி முலை கொடுத்ததாகத் திருவிளையாடற் புராணம் பாடுகிறது. முதல் கதையில் பால் கொடுத்த இடம் ஊரார் வந்து நீராடும் கரை; இரண்டாவதில் காடு. பசித்த குழந்தையை நல்ல இடம் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லும் எண்ணம் இரண்டிலும் இல்லை.

தத்துவ மரபில் வேறு விதமான கவலை தெரிகிறது. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில், காவலர் வகுப்புக் குழந்தைகள் தனியிடத்தில் வளர்வார்கள். பால் சுரந்த தாய்மார் அங்கே அழைத்து வரப்படுவார்கள். எவளும் தன் குழந்தையை அடையாளம் கண்டுவிடாதபடி பார்த்துக்கொள்ளப்படும். பாலூட்டலைப் பொது வாழ்விலிருந்து பிரித்து ஓர் ஏற்பாடாக மாற்றினால் எதுவரை போகலாம் என்பதற்கு அது ஓர் எல்லை. ஹன்னா ஆரெண்ட் 1958இல் வெளியிட்ட ‘மனித நிலை’ நூலில், பழைய கிரேக்க நகரங்கள் உடலின் தேவைகளோடு தொடர்புடைய உழைப்பையெல்லாம் வீட்டுக்குள் மறைத்து, அதைச் செய்த பெண்களையும் அடிமைகளையும் சேர்த்தே மறைத்ததைக் காட்டுகிறார். செயலை மறைத்தால் செய்பவரும் மறைந்துபோகிறார் என்பது பாலூட்டும் அறைக்கும் பொருந்தும் எச்சரிக்கை.

பார்ப்பவருக்கு ஏற்படும் சங்கடத்துக்கு மதிப்பே இல்லையா என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வகுத்த அளவுகோலின்படி, பிறருக்குத் தீங்கு நேர்வதைத் தடுக்க மட்டுமே ஒருவரின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாம். பிறருக்குப் பிடிக்கவில்லை என்பது போதாது. சங்கடப்படுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியும். பசித்த குழந்தையால் பசியைத் தள்ளிப்போட முடியாது. இரண்டு சுமைகளையும் எடை போட்டால் எந்தத் தட்டு தாழும் என்பதில் ஐயமில்லை.

ஐசயா பெர்லின் வேறுபடுத்திய இரண்டு சுதந்திரங்கள் இங்கே உதவும். தடுக்க யாருமில்லாத நிலை ஒன்று. தன் வாழ்வைத் தானே நடத்தும் நிலை மற்றொன்று. ஃபுளோரிடா சட்டம் தந்தது முதலாவது. உட்கார நிழலும் நாற்காலியும் அமைதியும் கிடைக்கும்போதுதான் தாய் இரண்டாவதை நெருங்குகிறாள். இந்தியாவில் இவ்விரண்டும் தலைகீழ் வரிசையில் வந்தன. தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகக் கருதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் வலியுறுத்தியது. பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் பழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்பதையும் அப்போது நினைவூட்டியது. அறை மட்டும் இருந்து மனப்பான்மை மாறாவிட்டால், ‘அறைதான் இருக்கிறதே, அங்கே போகக் கூடாதா’ என்ற பேச்சுக்கு அந்த அறையே காரணமாகிவிடும்.

ஆக, ஓர் அறை தாய்க்காகக் கட்டப்பட்டதா என்பதை இரண்டு சோதனைகளால் அறியலாம். வேண்டும் என்று நினைக்கும் தாய்க்கு அது எட்டும் தூரத்தில், பூட்டாமல், கழிவறையோடு ஒட்டாமல், உட்காரத் தகுந்ததாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று நினைப்பவள் இருந்த இடத்திலேயே, ஒரு சொல்லோ ஒரு பார்வையோ துரத்தாமல், பால் கொடுத்து முடிக்க வேண்டும். முதல் சோதனையில் தோற்கும் பூங்கா, மறைவைக் கடமையாகக் கருதும் தாயை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. இரண்டாவதில் தோற்கும் பூங்காவோ, எவ்வளவு நல்ல நாற்காலி போட்டிருந்தாலும், அவளை ஒதுக்கி வைக்கிறது. இரண்டிலும் தேறிய இடத்தில் மறைவு அவளே எடுக்கும் முடிவாகிறது.