நட்டம் யாரைச் சேர வேண்டும்?

ஆக்கமும் கேடும் மாறி மாறி வருவது உலக இயல்பு. கேடு வரும்போது அதனை யார் சுமக்க வேண்டும் என்பது அறம் சார்ந்த கேள்வியாகும். வீடு கட்டும் தொழிலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சற்றே சிந்திப்போம்.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அங்குள்ள ஆலைகளை நம்பிக் குடியேறியவர்களுக்கும், எல்லை தாண்டிப் பொம்மசந்திராவுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்பவர்களுக்கும் வீடுகள் தேவைப்பட்டன. தந்தை மேற்பார்வையிட, மகன் பொருள் வாங்க, மருமகள் கணக்கு எழுதக் குடும்பமாகக் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்வோர் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பெருகினர்.

அத்தொழிலுக்குச் சோதனைகள் அடுத்தடுத்து வந்தன. 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளைநிலங்களைக் காக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆயினும் மனை விற்பனை நின்றது. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாயின. வாரக் கூலியை ரொக்கமாக வழங்கும் தொழில் தடுமாறியது. மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதத்திலேயே வெளிவந்தன. 2019இல் வாகன விற்பனை சரிந்தது. ஓசூர் ஆலைகளிலும் வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டன. சம்பளம் உறுதியில்லாதபோது வீட்டுக்கடன் வாங்க யார் துணிவர்? 2020 மார்ச்சில் ஊரடங்கும் வந்தது.

பள்ளிக் கணக்கில் இலாபமும் நட்டமும் வாணிகம் செய்தவருக்கே உரியவை என்று கற்பிக்கிறோம். நடைமுறையில் இலாபம் ஒருவரிடம் நின்றுவிடுகிறது, நட்டமோ கைமாறுகிறது. வீட்டுக்காரர் கடைசித் தவணையை நிறுத்துகிறார். ஒப்பந்தக்காரர் சிமெண்ட் கடைக்கும் கம்பிக் கடைக்கும் தவணை சொல்கிறார். மேஸ்திரியிடம் அடுத்த வாரம் என்கிறார். மேஸ்திரி அதையே சித்தாளிடம் சொல்கிறார். சித்தாளுக்குக் கீழே சொல்வதற்கு யாருமில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருவர் தந்த முன்பணத்தைக் கொண்டு வேறொருவர் வீட்டுக்குத் தளம் போடுவது அது. புதிய வேலைகள் வரும்வரை இது வெளியில் தெரியாது. வேலை நின்றதும், கடைசியாகப் பணம் தந்தவரின் வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் கட்டட மனை ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோர் தரும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில், அல்லது எட்டு வீடுகளுக்கு மிகாமல் கட்டுவோருக்குப் பதிவு கட்டாயமில்லை. சட்டம் எட்டாத அவ்விடத்தில் அணுவிரதமே காவல்.

செய்த வேலைக்குரிய கூலி, கொடுக்க வேண்டியவரின் கையில் இருக்கும் பிறர் பொருள். முன்பணம் அடைக்கலப் பொருள். இவற்றைத் தம் நெருக்கடிக்குப் பயன்படுத்துவது கள்ளாமைக்கு இழுக்கு.

'மனைவியின் நகைகளை அடகு வைத்துவிட்டுத் தவிப்பவருக்கா அறம் உரைப்பது?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எனினும் துணிந்து தொழிலில் இறங்கியவர் அவர். இலாபம் வந்திருப்பின் அதுவும் அவருக்கே. சித்தாள் இலாபத்தில் பங்கு கேட்கவில்லை. நட்டத்தில் மட்டும் பங்கு தருவது எங்ஙனம் முறையாகும்? ஆதலின் கூலி முதலிலும், கடைக்கடன் அடுத்தும், தம் ஆதாயம் இறுதியிலும் வருவதே முறை.

மிகுபொருள் விரும்பாமை விரதத்தில் அளவு குறிக்க வேண்டிய பொருள்களுள் நிலமும் வீடும் முதலில் வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. ஒரே காலத்தில் எத்தனை வீடுகளைக் கட்ட நம் முதல் தாங்கும் என்ற வரம்பை நல்ல காலத்திலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடி வந்தபின் வரம்பு வகுக்க இயலாது.

இவ்வறம் கட்டுவோருக்கு மட்டும் உரியதன்று, கட்டுவிப்போருக்கும் உரியது. சந்தை விலை இறங்கிவிட்டது என்று சொல்லி, முடிந்த வேலைக்குரிய தவணையை நாம் நிறுத்திவைத்தால், அச்சுமை சித்தாளின் அடுப்பங்கரையில்தான் போய் இறங்கும். புதுமனை புகுமுன், அவ்வீட்டைக் கட்டியவர் அனைவருக்கும் கூலி சேர்ந்ததா என்று ஒரு சொல் கேட்டறிதல் இல்லறத்தாராகிய நம் கடமையாகும்.