ஒரே பாத்திரம்

சமய நம்பிக்கை மனிதனிடத்தில் எங்கே குடிகொண்டிருக்கிறது என்னும் வினாவை இறையியலார் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்து வந்துள்ளனர். உள்ளத்தில் என்பர் சிலர். வாயால் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் என்பர் வேறு சிலர். அவ்வினாவைச் சற்றுக் கீழிறக்கிக் கேட்க விரும்புகின்றேன். ஒரு கிறித்தவன் தன் கோயிலில் எந்த வாங்கில் அமர்கிறான்? திருவிருந்துப் பாத்திரத்தில் தனக்கு முன்னர் யார் வாய்வைக்க அவன் இசைகிறான்? ஆராதனை முடிந்து வீடு திரும்பியபின் அதே மனிதருக்கு எதில் தண்ணீர் கொடுக்கிறான்?

இவை அற்ப வினாக்கள் என்று கருதுவோர் ஆதித் திருச்சபையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தில், அவர் மிகக் கடுமையாகக் கண்டிக்கும் செயல்களுள் ஒன்று உணவைப் பற்றியது. கர்த்தருடைய பந்திக்கென்று கூடியவர்களுள் வசதி படைத்தோர் தத்தம் உணவை முந்தி உண்டு குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றனர். அங்ஙனம் உண்பது கர்த்தருடைய பந்தியே அன்று என்பது பவுலின் தீர்ப்பு. யாக்கோபின் பெயரால் வழங்கும் நிருபமோ, பொன் மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல ஆசனமும் கந்தையுடுத்து வருபவனுக்குக் காலடியும் காட்டும் சபையைப் பெயர் சொல்லாமலே தோலுரிக்கின்றது. செயலற்ற விசுவாசம் செத்தது என்ற அதன் வாதத்தை லூதர் விரும்பவில்லை; 1522இல் அந்நிருபத்தை அவர் வைக்கோலுக்கு ஒப்பிட்டார். கிருபையால் அன்றிச் செயலால் மீட்பில்லை என்று போராடியவருக்கு அது இடறலாயிருந்தமை இயல்பே. ஆயினும், தமிழ்நாட்டில் அவர் வழிவந்த சபைக்கு நேர்ந்ததைப் பார்க்கும்போது, அந்த வைக்கோலைச் சற்றுக் கவனமாகச் சேர்த்துவைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு முதலிய லூத்தரன் மிஷனரிமார் 1718இல் அங்கே புதிய எருசலேம் ஆலயத்தைத் திறந்தனர். அவ்வாலயத்தினுள்ளே உயர்ந்தோர் எனப்பட்ட கிறித்தவர் ஒரு புறமும், பறையர் எனப்பட்ட கிறித்தவர் மறுபுறமும் பிரிந்தமர்ந்தனர். திருவிருந்தின்போதும் முன்னவர் பருகியபின்னரே பின்னவர் பருகினர். இவ்வழக்கம் தஞ்சாவூருக்கும் சென்னை வேப்பேரிக்கும் பரவி வேரூன்றியது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள்ளே சாதி வேற்றுமை உடனே ஒழிக்கப்படல் வேண்டும் என்று சுற்றுநிருபம் விடுத்தபோது, இவ்விடங்களில் திரளானோர் கோயிலை விட்டு வெளியேறினர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியாரே புதிய ஏற்பாடுகளை எதிர்த்து எழுதினார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு சற்று வருந்துகிறது. தமிழில் அத்துணை உருக்கமாகக் கிறித்துவைப் பாடிய நாவு அது.

கத்தோலிக்கரும் இதற்கு விலக்கல்லர். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கோயிலுக்குக் கவடு பிரிந்ததுபோல் இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் ஏனையோர். இரண்டும் ஒரே பலிபீடத்தில் சென்று கூடும். குருவானவர் இரு சாராருக்கும் தெரிவார். ஒரு சாரார் மற்றச் சாராருக்குத் தெரியார். ஊரார் அதனைக் காற்சட்டைக் கோயில் என்று கேலி செய்தனராம். 1910இல் அங்கிருந்த பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தமைக்கு எதிராக மன்றேறியவர்களும் கிறித்தவர்களே.

சுவரை எழுப்பியவர்கள் கொடியவர்கள் என்று கூறிவிட்டு நகர்வது எளிது. அவர்கள் பக்கத்து வாதம் அத்துணை இலேசானதன்று. சாதி என்பது நாட்டு வழக்கம். தலைப்பாகையும் சந்தனமும் போல்வது. அதனை விடுமாறு வற்புறுத்தினால் வந்தவர்கள் ஓடிவிடுவர். முதலில் ஆன்மா மீட்கப்படட்டும், வழக்கம் மெல்ல மாறும் என்றனர். திருச்சபை புனிதர்களின் கழகம் அன்று, நோயாளிகளின் மருத்துவசாலை. குணமடைந்து வா என்று எந்த மருத்துவசாலையாவது வாயிலில் நின்று கூறுமா? இவ்வாதத்தின் மனிதாபிமானத்தை நான் மறுக்கவில்லை. மேலும், ஆணையிட்ட அத்தியட்சரின் சொந்த நாட்டிலேயே அக்காலத்தில் கோயில் ஆசனங்கள் வாடகைக்கு விடப்பட்டன; வாடகை கொடுக்க இயலாத ஏழைகள் இலவச ஆசனங்களில் ஒதுங்கினர். தன் வீட்டு வாங்கைத் திருத்தாதவர் பிறர் வீட்டு வாங்கைத் திருத்த வந்தார் என்று தஞ்சாவூர்க்காரர் முணுமுணுத்திருந்தால் அதில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால் இவ்வாதம் ஒன்றை மறைக்கின்றது. பலவீனமுள்ள மனிதனைச் சபை ஏற்றுக்கொள்வது வேறு. அவனுடைய பலவீனத்தைச் சபையே தன் சட்டமாக ஏற்றுக்கொள்வது வேறு. அயலவன் வாய்வைத்த பாத்திரத்தில் வாய்வைக்க ஒருவன் உள்ளூரக் கூசுவானாயின், அக்கூச்சத்தோடு அவன் போராடட்டும். அதற்கு அவனுக்கு ஆண்டுகள் வேண்டியிருக்கலாம். அக்கூச்சத்துக்குச் சுண்ணாம்பும் கல்லும் கொண்டு அடித்தளமிட்டுச் சுவர் எழுப்பியபின் அவன் யாரோடு போராடுவான்? மருத்துவசாலை உவமை இங்கே முறிந்துபோகின்றது. நோயாளியைச் சேர்ப்பது மருத்துவசாலையின் கடன். நோயைப் பேணிப் பாதுகாப்பதற்கு அறை ஒதுக்குவது எந்த மருத்துவசாலையின் கடன்? அன்றியும், பொறுமை வேண்டும் என்று கூறியவர்கள் எவருடைய பொறுமையைச் செலவிட்டார்கள்? மறுபுறத்தில் நின்று இரண்டாவதாகப் பருகியவனின் பொறுமையை.

இனி நம்மூருக்கு வருவோம். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816இல் காலூன்றியது. அது நமக்குத் தந்த கல்வியை நன்றியறிதலுடன் நினைவுகூராதார் இலர். ஆயினும் அக்கல்வியின் வாங்குகளிலே எல்லோரும் சமமாக அமர ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் தீண்டாமையை எதிர்த்துச் சம ஆசனத்தையும் சமபோசனத்தையும் வற்புறுத்தியது. 1930ஐ ஒட்டிச் சம ஆசனம் அரசாங்க விதியானபோது பாடசாலைகள் தீயிடப்பட்டன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. தேநீர்க்கடைகளில் போத்தலும் தகரப்பேணியும் போகவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும் அதன் பின் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசங்களுமே அவற்றை அசைத்தன.

அந்நாட்களில் நான் இளம் ஆசிரியன். வேற்றூர்ப் பாடசாலையொன்றில் நியமனம் பெற்று, கிறித்தவக் குடும்பமொன்றில் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர் சபை மூப்பர். நல்லவர் என்ற சொல்லை நான் எளிதில் பயன்படுத்துவதில்லை, அவருக்குப் பயன்படுத்துவேன். கைம்பெண் ஒருத்தியின் பிள்ளைகளுக்கு யாருமறியாமல் பாடசாலைக் கட்டணம் கட்டியவர். வைகறையில் எழுந்து வேதம் வாசிப்பார். அவருடைய தோட்டத்தில் வேலை செய்தவரும் அதே சபையின் அங்கத்தவரே. அவர் கோயிலில் பிரிவினை ஏதுமில்லை. எல்லோரும் ஒரே பாத்திரத்திலேயே பருகினர். திங்கட்கிழமை காலையில் மூப்பருக்கும் எனக்கும் மூக்குப்பேணியில் தேநீர் வரும். தோட்டத்து மனிதருக்குத் தாழ்வாரத்தில் செருகியிருந்த சிரட்டையில் வரும். அதை அவரே கழுவி, அவரே செருகிவிட்டுப் போவார்.

சில மாதங்கள் சென்றபின் கோயிலிலும் ஒன்றைக் கவனித்தேன். அந்த மனிதரும் அவர் மனைவியும் பலிபீடத்துக்கு எப்போதும் கடைசியாகவே சென்றனர். அப்படிச் செல்லும்படி எவரும் கூறவில்லை. அவர்களுக்குப் பின்னர் அப்பாத்திரத்தில் பருகுவதற்கு எவரும் மிஞ்சியிருக்கவில்லை, அவ்வளவுதான். தரங்கம்பாடியின் ஒழுங்கு எழுத்தில் இல்லாமலே கடல் கடந்து வந்து அங்கே நின்றது.

நான் என்ன செய்தேன் என்று வாசகர் கேட்கலாம். மாலையிலே வாசிகசாலையில் வர்க்க முரண்பாடு பற்றிப் பேசினேன். காலையிலே மூக்குப்பேணியில் தேநீர் குடித்தேன். மூப்பரிடம் நேரே ஒரு சொல் கேட்டிருந்தால் அவர் வெட்கப்பட்டிருக்கக்கூடும், மாறியிருக்கவும் கூடும், ஏனெனில் அவர் தம் வேதத்தை மெய்யாகவே நம்பியவர். சமயம் மேற்கட்டுமானம், அடித்தளம் மாறினால் அதுவும் மாறும் என்ற எனது கொள்கை எனக்கு அவ்விடத்தில் மிகவும் வசதியாக இருந்தது. முதலில் ஆன்மா, பிறகு வழக்கம் என்ற மிஷனரியின் வாதத்துக்கும், முதலில் அடித்தளம், பிறகு வழக்கம் என்ற என் வாதத்துக்கும் சிரட்டையின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன வேற்றுமை? ஊர்வலத்தில் முன்னே நடந்த தோழர்கள் சிலர், பிள்ளைகளின் கலியாணப் பேச்சு வந்ததும் பின்னே நடந்ததையும் கண்டிருக்கிறேன்; கிறித்தவரை மட்டும் குறைகூற எனக்கு வாயில்லை.

இன்று சிரட்டைகளைக் காண்பதரிது. கலியாண விளம்பரங்களில் 'கிறித்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப்பெயரைக் காண்பதோ அரிதன்று. தமிழ்நாட்டில் சில இடங்களில் இறந்த கிறித்தவர்களுக்குக்கூடத் தனித்தனிப் புதைகுழிகள் உள்ளன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. சுவரை மூடி மறைப்பதிலும் இது மேலானது.

அத்தோட்டத்து மனிதரின் மகன் என்னிடம் படித்தவன். இப்போது அவனும் நரைத்துவிட்டான். கொள்ளைநோய் தணிந்தபின் அவ்வூருக்கு ஒரு மரணவீட்டுக்குச் சென்றிருந்தேன். அவனுடைய சபையில் 2020இன் பின்னர் ஒரே பாத்திரம் நிறுத்தப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சிறு கிண்ணம் கொடுக்கப்படுவதாகக் கூறினான். போதகர் சுகாதாரத்தை முன்னிட்டே அங்ஙனம் செய்தார், அவரிடம் கள்ளமில்லை, அவனும் அதனை அறிவான்.

"நோய் பரவுமெண்டு சொல்லுகினம், மாஸ்ரர். அது சரிதான். ஆனா அப்புவுக்குச் சிரட்டை குடுத்த நேரமும் சுத்தத்துக்கு எண்டுதானே சொன்னவை" என்றான்.

சற்றுப் பொறுத்து, தான் இன்னமும் கடைசியாகவா போகிறாய் என்று நான் கேட்கப்போவதை அறிந்தவன்போல், "இப்ப நான் முன்வாங்கிலைதான் இருக்கிறனான்" என்றான்.